கட்சி மாறிய எம்.பி.யின் பற்றுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆப்பிரிக்காவின் புதிய ஜனநாயக நாடுகளில் அரசியல்வாதிகள் ஏன் இப்படிக் கட்சி தாவுகிறார்கள் என்று உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். பதவி ஆசை, பண ஆசை, கொள்கைப் பிடிப்பு இல்லாமை என்று மூன்று காரணங்களைச் சொல்லி முடித்துவிட்டார் எழுதியவர். நடுவில் ஒரு வரியில் மலாவியின் பெயரும் வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1999 முதல் 2013 வரை நான் மலாவியில் இருந்தேன். கணவருக்கு அங்கே ஆசிரியர் வேலை. நான் பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதினேன். தகரம், ஆணி, சிமெண்ட், மரப்பலகை விற்கும் கடை. சுற்றுவட்டாரத் தொகுதிகளின் எம்.பி.க்கள் சிலர் எங்களிடம் பற்று வைத்திருந்தார்கள். கட்சி தாவல் என்று எங்கே கேட்டாலும் எனக்கு ஒரு பேரேட்டுப் பக்கம்தான் கண்ணில் வந்து நிற்கும்.

அந்தப் பக்கத்துக்குரிய எம்.பி.யின் பெயரையும் தொகுதியையும் எழுதப் போவதில்லை. 2004 மே மாதத் தேர்தலில் ஆளுங்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணியின் சார்பில் நின்று ஜெயித்தார். அதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியர். ஜூன் மாதமே பற்று தொடங்கிவிட்டது. சவப்பெட்டிப் பலகை, ஆணி, கைப்பிடி. பள்ளிக்கூடக் கூரைக்கு 20 தகரம். மறுபடி சவப்பெட்டிப் பலகை. காற்றில் கூரை போன ஒரு கிழவியின் வீட்டுக்கு 6 தகரம். மறுபடி பலகை. ஒரே மாதத்தில் 11 பெட்டிக்குப் பலகை எழுதியிருக்கிறேன். அது எய்ட்ஸ் ஊரை அள்ளிக்கொண்டிருந்த காலம். அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியதே 2004-ல்தான். சாவு வீட்டை அங்கே மலிரோ என்பார்கள். மலிரோவுக்கு எம்.பி. வரவில்லை, பெட்டிக்கு ஏற்பாடு செய்யவில்லை என்றால் அடுத்த தேர்தல் வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் கட்சி பணம் தராது. கட்சிக்குத்தான் அவர் தந்தார். தேர்தலுக்கு ஓடியது அவருடைய சொந்த பிக்கப் வண்டி, அதற்கு டீசல், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு சீமா என்ற மக்காச்சோளக் களிச் சாப்பாடு, ஆடிப் பாட வந்த பெண்களுக்குக் கட்சித் துணி, எல்லாம் அவர் கைக்காசும் கடனும். கட்சி அவருக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று: மஞ்சள் நிறம். அந்த வட்டாரத்தில் மஞ்சள் நிறத்தில் நின்றால் பாதி ஜெயித்த மாதிரி. அப்புறம், மஞ்சள் நிறம் என்றால் அரசாங்கம். அதுதான் முக்கியம்.

அரசாங்கத்துக்கு அவர்கள் மொழியில் போமா என்று பெயர். மாவட்டத் தலைநகரில் அரசு அலுவலகங்கள் இருக்கும் இடத்தையும் போமா என்றுதான் சொல்வார்கள். கிணறு, பாலம், உரம், மருந்து, ஆசிரியர் நியமனம் எல்லாம் போமாவிலிருந்து வரும். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ஓத்சுத்சா என்று பெயர்; மறுத்துப் பேசுகிறவர்கள் என்று பொருள். ஊரில் யாரும் தங்கள் எம்.பி. சும்மா மறுத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஓட்டுப் போடுவதில்லை.

சரி, 2005 பிப்ரவரியில் என்ன நடந்தது? கட்சி மாறியவர் எங்கள் எம்.பி. இல்லை. முதலில் மாறியவர் நாட்டின் அதிபரே! பிங்கு வா முத்தாரிகாவை வேட்பாளராக நிறுத்தி ஜெயிக்க வைத்தவர் முந்தைய அதிபர் பகிலி முலுசி. முலுசிக்கு மூன்றாவது முறையும் அதிபராக இருக்க ஆசை. 2002-ல் அதற்காகக் கொண்டுவந்த மசோதா 3 ஓட்டில் தோற்றது. பதவி போனாலும் கட்சித் தலைமையை அவர் விடவில்லை. புது அதிபர் ஊழல் வழக்குகளைக் கையில் எடுத்ததும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. முத்தாரிகா கட்சியை விட்டு வெளியேறி ஜனநாயக முன்னேற்றக் கட்சி என்று புதிதாகத் தொடங்கினார். ஒரே நாளில், கட்சி மாறாமல் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எதிர்க்கட்சி ஆகிவிட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் எம்.பி. கடைக்கு வந்திருந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் பம்போ என்று கேட்டேன். அங்கே மரியாதைக்குரிய ஆண்களை அப்படி அழைப்போம், பெண்களை அமாயி என்போம். அவர் சொன்னதை அன்று இரவே கணவரிடம் சொன்னதால் இன்னும் மறக்கவில்லை. "அமாயி, என் ஜனங்கள் என் கட்சிக்கா ஓட்டுப் போட்டார்கள்? போமாவிடம் போய் எங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். இப்போது போமா வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது."

அடுத்த சில மாதங்களில் அவரும் குடிபோனார். அந்த ஆண்டு மழை பொய்த்து, நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஜனங்கள் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றார்கள். மக்காச்சோள மூட்டை எந்த ஊருக்கு முதலில் போகும், எதற்குக் கடைசியில் போகும் என்பதே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்தப் பருவத்திலிருந்தே மானிய உரத் திட்டமும் தொடங்கியது. விவசாயிக்குக் கூப்பன் கொடுப்பார்கள். கூப்பன் இருந்தால் சந்தை விலையில் ஒரு சிறு பங்குக்கு உரமூட்டை கிடைக்கும். 2009-10 பருவத்தில் 50 கிலோ மூட்டைக்கு 500 குவாச்சா கொடுத்தால் போதும். கூப்பன் இருக்கிற வீட்டில் சோளம் விளையும், இல்லாத வீட்டில் ஜனவரி, பிப்ரவரி பட்டினி. பட்டியலில் ஊர் விடுபட்டுப் போகாமல் இருக்க போமாவில் ஆள் வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அவர் செய்தது முழுக்க நியாயம் என்றும் நான் சொல்ல வரவில்லை. மாறுவதற்கு முன் ஊர்த் தலைவர்களை மட்டும் கூட்டிப் பேசினார். எங்கள் கடையைப் பெருக்கித் துடைத்த அம்மா அதே தொகுதிக்காரர். மஞ்சள் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாள் கால் கடுக்க ஆடியவர். "எங்களை யார் கேட்டார்கள்?" என்றார். அந்தக் கோபம் நியாயமானது. ஓட்டுப் போட்டவர்களிடம் திரும்பிப் போய்க் கேட்காமல் இருந்ததுதான் அவர் செய்த பிழை. பயந்துதான் போகவில்லை என்று நினைக்கிறேன். இன்னொரு தேர்தல் செலவுக்கு அவரிடம் காசு இல்லை என்பது என் பேரேட்டைப் பார்த்தாலே தெரியும்.

உங்கள் கட்டுரையாளர் கடைசியில் கடுமையான சட்டம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மலாவியில் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, ஒரு கட்சியில் ஜெயித்தவர் மன்றத்தில் உள்ள இன்னொரு கட்சிக்குப் போனால் இடத்தை இழப்பார் என்கிறது. 2001-ல் முலுசியின் ஆட்சி அதை இன்னும் இறுக்கியது. ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து தனி அமைப்பு தொடங்கியவர்களை மடக்கத்தான் அந்தத் திருத்தம். நான்கு வருடம் கழித்து அதே பிரிவைப் பிடித்துக்கொண்டு முலுசியின் கட்சி எதிர் வரிசையிலிருந்து போராடியது. புதுக்கட்சி மன்றத்திலேயே இல்லாத கட்சி, அதில் சேர்ந்தால் 65 எப்படிப் பொருந்தும் என்று மாறியவர்கள் வாதாடினார்கள். வழக்கு, மேல்முறையீடு, தடையாணை. 2005 ஜூனில் அதிபரைப் பதவி நீக்கும் விவாதத்தின்போது சபாநாயகர் ரோட்வெல் முன்யென்யெம்பே கூச்சலின் நடுவே மன்றத்திலேயே சுருண்டு விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அன்று லிம்பே கடைத்தெருவில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றதும், ஒருவரும் பேசாமல் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

2007 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 65 செல்லும் என்று தீர்ப்பளித்தது. உடனே எதிர்க்கட்சிகள் முதலில் மாறியவர்களின் இடங்களைக் காலி என்று அறிவியுங்கள், அப்புறம் பட்ஜெட் என்று நின்றுவிட்டன. வாரக்கணக்கில் பட்ஜெட் நிறைவேறவில்லை. எங்கள் கடைக்கு வர வேண்டிய அரசு ஆர்டர்கள் அப்படியே நின்றன. கடைசிவரை மாறியவர்கள் பெரும்பாலும் மன்றத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். 2009 தேர்தலில் ஜனங்கள் முத்தாரிகாவின் கட்சிக்கு 193-ல் 114 இடங்களைக் கொடுத்தார்கள். கட்சி மாறியதற்காக ஜனங்கள் அவர்களைத் தண்டிக்கவில்லை. உரம் கிடைத்திருந்தது.

இந்தச் சட்டங்களைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இவை யாருக்காக எழுதப்பட்டன என்று பார்க்க வேண்டும். கென்யாவில் 1966 ஏப்ரலில் துணை அதிபர் ஓகிங்கா ஒடிங்கா அதிபர் கென்யாட்டாவின் கட்சியை விட்டு வெளியேறினார். நிலம் சாதாரண மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவருடைய வாதம். அது கொள்கைக்காக நடந்த வெளியேற்றம். அவருடன் போகிறவர்கள் பதவி விலகி மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும் என்று அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். 29 இடங்களுக்கு இடைத்தேர்தல் நடந்தது. ஒடிங்காவின் புதுக்கட்சிக்கு 9 கிடைத்தது. 1969-ல் அந்தக் கட்சியையே தடை செய்தார்கள். கட்சி தாவலுக்கு எதிரான சட்டம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே அது எதிர்க்கட்சியே முளைக்காமல் பார்த்துக்கொண்டது.

தென்னாப்பிரிக்கா நேரெதிராகப் போய்ப் பார்த்தது. அங்கே அப்போது ஓட்டு கட்சிப் பட்டியலுக்குத்தான், வேட்பாளருக்கு இல்லை. இருந்தும் 2002, 2003-ல் சட்டம் மாற்றி, குறிப்பிட்ட 15 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் இடத்தை இழக்காமல் கட்சி மாறலாம் என்று வழி திறந்தார்கள். ஒரு நிபந்தனை: கட்சியின் உறுப்பினர்களில் 10 சதவீதம் பேராவது சேர்ந்து போக வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது உடனே புரிந்துவிடும். 2004 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு 279 உறுப்பினர்கள். அங்கிருந்து வெளியேற 28 பேர் ஒன்றுசேர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான சின்னக் கட்சியிலிருந்து வெளியேற ஒருவரே போதும். கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். 2007 செப்டம்பருக்குள் 279 என்பது 297 ஆகியிருந்தது, நடுவில் பொதுத் தேர்தல் எதுவும் நடக்காமலேயே. இப்படி ஓட்டுப் போட்டவர்களின் தலைக்கு மேலே நடந்ததை ஜனங்கள் வெறுத்தார்கள். 2009 ஜனவரியில் அந்த வழியையே மூடிவிட்டார்கள்.

ஜாம்பியாவில் மாறுகிறவர் இடத்தை இழப்பார் என்பதால் எல்லாம் இடைத்தேர்தலாகப் போய் முடிந்தது. 2011-ல் மைக்கேல் சாட்டா அதிபரான பிறகு எதிர்க்கட்சி எம்.பி.க்களைத் துணை அமைச்சராக்குவார், அவர்களுடைய கட்சி அவர்களை நீக்கும், தொகுதி காலியாகும். வரிசையாக இடைத்தேர்தல்கள். அந்தச் சாட்டாவே 2001-ல், தன்னை விட்டுவிட்டு வேறொருவரை அதிபர் வேட்பாளர் ஆக்கினார்கள் என்று ஆளுங்கட்சியை விட்டு வந்து புதுக்கட்சி தொடங்கியவர்தான்.

பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளில் கட்சி தாவலுக்கு டிரான்ஸ்யூமான்ஸ் என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். மேய்ச்சல்காரர்கள் பருவம் பார்த்து மாடுகளைப் புல் இருக்கும் இடத்துக்கு ஓட்டிப்போவதற்கான சொல் அது. செனகலில் 2000 அதிபர் தேர்தலில் வேட் ஜெயித்ததும் நாற்பது வருடம் ஆண்ட சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் அவர் பக்கம் போனார்கள். 2012-ல் வேட் தோற்றதும் அவர் ஆட்கள் புது அதிபர் மேக்கி சால் பக்கம் போனார்கள். இகழ்ச்சியாகத்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லிலேயே விடையும் இருக்கிறது. புல் ஒரே இடத்தில்தான் முளைக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 தேர்தலில் 500 இடங்களில் 300-க்கு மேல் ஜெயித்திருந்தது அப்போதைய அதிபர் கபிலாவின் அணி. 2020 டிசம்பரில் அடுத்த அதிபர் சிசெகெடி அந்த அணியோடு வைத்திருந்த கூட்டணியை முறித்ததும் சில மாதத்துக்குள் பெரும்பான்மை அவர் பக்கம் வந்துவிட்டது. அங்கே பணம் கைமாறியது என்று பலரும் குற்றம் சாட்டினார்கள். அப்படிப்பட்ட மாற்றத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. இந்த நாடுகளில் ஆட்சிமாற்றம் நடந்ததே பல நேரம் தாவியவர்களால்தான். கென்யாவில் 2002 வரை நாற்பது வருடம் ஒரே கட்சி ஆண்டது. அதிபர் மோய் தனக்குப் பின் உஹுரு கென்யாட்டா என்று கைகாட்டியதும், ராய்லா ஒடிங்காவும் ஆளுங்கட்சியின் பெரிய தலைகள் பலரும் வெளியே வந்து எதிர்க்கட்சி வேட்பாளர் கிபாகிக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் விசுவாசமாகவே இருந்திருந்தால் அந்த டிசம்பரில் கிபாகி ஜெயித்திருப்பாரா? நைஜீரியாவில் 2013 நவம்பரில் ஐந்து ஆளுநர்கள் ஆளுங்கட்சியான குடைச் சின்னக் கட்சியை விட்டு எதிர்க்கட்சியான துடைப்பச் சின்னக் கட்சிக்குப் போனார்கள். 2015-ல் அந்த நாட்டின் வரலாற்றில் முதல் முறையாகப் பதவியில் இருந்த அதிபர் தேர்தலில் தோற்றார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு எடைபோடக் கூடாது. ஆளுங்கட்சியை விட்டு வெளியே வருவது ஒன்று, ஆளுங்கட்சிக்குள் போய்ச் சேர்வது வேறு.

கானாவில் தாவல் அபூர்வம். அங்கும் சட்டம் உண்டு, ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது, இரண்டும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. எதிர்வரிசையில் எட்டு வருடம் உட்கார்ந்தாலும் மறுபடி நம் முறை வரும் என்று நம்பிக் காத்திருக்க முடிகிறது. 2020-ல் ஃபோமெனா தொகுதி எம்.பி. ஆண்ட்ரூ அசியாமா சுயேச்சையாக நிற்க மனு போட்டார். கட்சி அவரை விலக்கியது, சபாநாயகர் அவர் இடத்தைக் காலி என்று அறிவித்தார். ஒரே மாதத்தில் தொகுதி அவரையே சுயேச்சையாக ஜெயிக்க வைத்தது. மன்றத்தில் இரு கட்சிக்கும் 137, 137. நடுவில் இவர் ஒருவர். கடைசியில் தன்னை விலக்கிய கட்சியோடுதான் போய் உட்கார்ந்தார். அவருக்குக் கட்சிமீது கோபம் இல்லை. தன் தொகுதியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்த விதத்தில்தான் கோபம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் எம்.பி.க்கும் அதுதான் நடந்தது. 2009-ல் ஆளுங்கட்சி வேட்பாளர் தேர்வில் தொகுதிக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் அதிகம் இவருக்குத்தான் என்றார்கள். மேலேயிருந்து வேறு பெயர் வந்தது. சுயேச்சையாக நின்று தோற்றார். தொகுதியில் உழைத்தவனைவிடத் தலைவருக்கு வேண்டியவன் முக்கியம் என்றால், அந்தக் கட்சியில் யார் தங்குவார்கள்? கட்சியைத் தலைவர் தன் வீடு மாதிரி வைத்திருந்தால் மற்றவர்கள் விருந்தாளி மாதிரிதான் வந்து போவார்கள். 2014-ல் மலாவியில் 52 சுயேச்சைகள் ஜெயித்தார்கள். எந்தக் கட்சியைவிடவும் அதிகம். ஜெயித்தவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், தாவுகிறவரைத் தண்டிக்கும் சட்டத்தை இறுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உரக் கூப்பனும் கிணறும் எம்.பி. எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் ஊருக்கு வந்து சேரட்டும். தொகுதிக் கட்சிக்காரர்கள் தூக்கிய கையை எண்ணி, அதன்படி வேட்பாளரை நிறுத்தட்டும். இது இரண்டும் இல்லாமல் 65 என்றும் 66 என்றும் எழுதினால் வக்கீல்களுக்குத்தான் வேலை.

2012 ஏப்ரலில் முத்தாரிகா திடீரென்று இறந்தார். அவரால் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, தனியாக மக்கள் கட்சி நடத்திக்கொண்டிருந்த துணை அதிபர் ஜாய்ஸ் பண்டா இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு அதிபரானார். முத்தாரிகா கட்சியின் நீல நிறத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பண்டா கட்சியின் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தார்கள். எங்கள் கடையைப் பெருக்கிய அம்மாவிடம் அப்போது மூன்று நிறத் துணியும் இருந்தன. மஞ்சள் கிழிந்து, பேரனை முதுகில் கட்டிக்கொள்ளும் துணியாகியிருந்தது. நீலம் வீட்டு ஜன்னலில் தொங்கியது. ஆரஞ்சை இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தார். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டேன். சோளக் கொல்லைக்கு உரம் வந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

தோற்ற எம்.பி.யின் பாக்கி எங்கள் கடையில் அப்படியே இருந்தது. முதலாளி கேட்டுவிட வேண்டாம் என்றார், வராத கடன் என்று எழுதிவிடலாம் என்று யோசித்தோம். ஆனால் அவர் பிக்கப்பை விற்றுவிட்டு மினிபஸ்ஸில் வந்து மூன்று தவணையாகக் கட்டினார். கடைசித் தவணை 2011 ஆகஸ்டில். ரசீதில் பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் எம்.பி. என்று எழுதிவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, அமாயி, அதை அடித்துவிடுங்கள் என்றார். அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
மலாவியில் 14 ஆண்டுகள் கணக்கு எழுதிய ஒரு வாசகி